பூட்டாத பதிப்பு

மஹய்யாவ, கண்டி
2025 ஜனவரி 19

என் ருஷ்திக்கு,

ஸலாம். அஸர் தொழுது, உங்கள் சுகத்துக்காகப் பிரார்த்தித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் போன் சரிப்பட்டு வரவில்லை. நீங்கள் “பிஸி” என்று தொடங்குகிறீர்கள், நான் “எப்போது வருவீங்க” என்று முடிக்கிறேன். நடுவில் ஒன்றும் இல்லை. அதனால் இனி எழுதுகிறேன். ஈமெயிலைத் திறக்காமல் ஒரு நாளும் இருக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

சுதர்சினி என்று ஒரு பிள்ளையை வேலைக்கு எடுத்திருக்கிறேன். இங்கேதான், மஹய்யாவையிலேயே வீடு. கெட்டிக்காரி. வந்த முதல் நாள், பார்மசிக் கடைகளுக்கு நாங்கள் கொடுக்கும் சொஃப்ட்வெயாரைத் திறந்து காட்டினேன். பில் ஒரு துண்டு, ஸ்டொக் ஒரு துண்டு, மருந்துப் பைக்கு லேபள் அடிப்பது இன்னொரு துண்டு. ஒவ்வொன்றையும் தனியாகக் கழற்றலாம், மாற்றலாம், ஆனால் மூன்றுக்கும் அடியில் ‘வேளை’ என்ற சின்னப் பெக்கேஜ் இருக்கிறது, காலை, பகல், இரவு என்று மருந்துக் குளிசை போடும் நேரங்களை அதுதான் வைத்திருக்கிறது என்று விளக்கினேன்.

“இத யாரு எழுதினது, அக்கா?” என்றாள்.

“சேர்” என்றேன், உங்களைத்தான்.

“அவரு தோஹாவுல இருந்து இத மாத்துனா, இங்கயும் மாறிருமா?”

“ஆபீஸ் கொம்பியூட்டர் காலையில் எல்லாத் துண்டையும் சேர்த்துக் கட்டும்போது, அவருடைய புதுப் பதிப்பு தானாக இறங்கும். பிறகு கடைகளுக்குப் போகும்” என்றேன்.

அவள் அதைக் கொப்பியில் எழுதிக்கொண்டாள்.

மாமியை, உங்கள் உம்மாவை, பார்க்க வெள்ளிக்கிழமை அக்குறணைக்குப் போனேன். முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மகன் ஒரு வருடம் என்றுதானே போனான் என்று கேட்டார்கள். ஒரு வருடம் முடிந்து இன்னொன்று ஓடுகிறது என்று அவர்களுக்கும் தெரியும். நான் தேத்தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன்.

வேளையில் பெரிதாக எதையாவது மாற்றினால் முதலில் ஒரு வரி சொல்லுங்கள். வேறு எதையும் எழுத நேரமில்லாவிட்டாலும் அதையாவது.

றம்ஸியா

*

தோஹா
2025 பெப்ரவரி 8

அன்புள்ள றம்ஸி,

வஅலைக்குமுஸ்ஸலாம். கடிதத்தைப் பார்த்த அன்றே பதில் எழுத நினைத்தேன். வேலை விடவில்லை. கோபிக்க வேண்டாம்.

இங்கே கம்பனி மூன்று கிளினிக்குகளுக்கு லேபள் செய்கிறது. வேளையை அவர்களுக்குக் காட்டினேன், பிடித்துவிட்டது. பேராதனையில் படிக்கும்போது கன்டீன் மேசையில் உட்கார்ந்து எழுதியது இங்கே ஓடுகிறது என்றால் உங்களுக்கும் சந்தோஷமாகத்தானே இருக்கும்?

நோன்பு வரப்போகிறது. நோயாளிகள் விடியுமுன் ஸஹருக்கும் மாலை இஃப்தாருக்கும் ஏற்றபடி மருந்து எடுக்க வேண்டும். அதற்காக வேளையில் சில வேலை செய்கிறேன். உங்கள் பக்கம் ஒன்றும் உடையாது, பயப்பட வேண்டாம்.

பெருநாளைக்கு வரப் பார்க்கிறேன். லீவு கேட்டிருக்கிறேன். உம்மாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம், கிடைத்த பிறகு சொல்லலாம்.

இரவில் சாப்பிடாமல் இருக்க வேண்டாம். தனியாக இருந்தால் நீங்கள் சமைக்கமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ருஷ்தி

*

மஹய்யாவ
2025 மார்ச் 13

ருஷ்தி,

இதை முழுதாக வாசியுங்கள்.

செவ்வாய்க்கிழமை தெல்தோட்டைக் கடை முஹைதீன் ஹாஜியார் காலையிலேயே போன் எடுத்தார். “மகள், ஒருக்கா வாங்க. லேபள்ல பிழையொண்டு ஈக்கிது. தோட்டத்து மனிசி ஒராள் மயங்கிப் போட்டா. ஆஸ்பத்திரியில வெச்சீக்காங்க” என்றார்.

சீனி வருத்தத்துக்குக் காலையில் இரண்டு குளிசை என்று டொக்டர் எழுதியிருக்கிறார். எங்கள் லேபள் ‘இரவு 2’ என்று அடித்திருக்கிறது. ஞாயிறு மாலை நீங்கள் வெளியிட்டு, திங்கள் காலை இங்கே இறங்கிய புதுப் பதிப்பில் நேரங்களின் வரிசை இரவிலிருந்து தொடங்குகிறது. எங்கள் லேபள் துண்டுக்குக் காலை என்ற சொல் தெரியாது, ‘முதலாவது நேரம்’ என்பதுதான் தெரியும். முதலாவது எது என்று வேளையிடம் கேட்டது. வேளை இரவு என்றது. அவ்வளவுதான் நடந்தது.

எல்லாக் கடைகளிலும் லேபள் அடிப்பதை நிறுத்தினேன். லேபளைக் கையால் எழுதச் சொன்னேன். நல்லவேளை, புதுப் பதிப்பு அதுவரை தெல்தோட்டைக்கு மட்டும்தான் போயிருந்தது. சுதர்சினியைப் பழைய பதிப்புக்குத் திருப்பச் சொல்லிவிட்டு, குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஏறினேன். நோன்போடு, கலஹா ரோட்டு வளைவுகளில் தலையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

அந்த மனுசியின் பெயர் சுப்பம்மா. நான் போகும்போது கண் விழித்திருந்தார். இரவு சாப்பாடு சரியில்லாமல் குளிசையை மட்டும் போட்டிருக்கிறார், விடியும்போது சீனி இறங்கிவிட்டது. கையில் சேலைன் ஏற்றியிருந்தார்கள். என்னைப் பார்த்துச் சிரித்து, “ஒக்காருங்க, ஏன் நிக்கிறீங்க” என்றார். எனக்கு உட்காரத் தோன்றவில்லை.

மருமகள் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள். லேபளை வாசித்துச் சொன்னது அவள்தான். பிழையாக வாசித்து மாமியைக் கொல்லப் பார்த்தாள் என்று தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் பேசுகிறார்களாம். புருஷன்கூட அவளோடு கதைக்கவில்லை.

“மிஸ், நான் சரியாத்தான் வாசிச்சேன். ராத்திரிக்கு ரெண்டுன்னுதான் போட்டிருந்துச்சு. யாரும் நம்ப மாட்டேங்கிறாங்க.”

“நீங்க சரியாகத்தான் வாசிச்சீங்க. பிழை எங்களுடையது” என்றேன். அவளிடம் சொன்னால் போதாது என்று பட்டது. அவளோடு லயத்துக்குப் போய், அவளுடைய புருஷனிடமும் பக்கத்து வீட்டுக்காரர்களிடமும் அதையே சொன்னேன். ஒரு ஆள் என்னை ஏசினார். கேட்டுக்கொண்டு நின்றேன். புருஷன் உள்ளே போய், அவள் உட்கார ஒரு கதிரையை எடுத்துப் போட்டான்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே நோன்பு திறந்தேன். பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

உங்களுக்கு நாலு தரம் கோல் எடுத்தேன்.

றம்ஸியா

*

தோஹா
2025 மார்ச் 14

றம்ஸி,

மீட்டிங்கில் இருந்தேன், போன் வெளியே இருந்தது. பிறகு உங்கள் கடிதத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகு கோல் எடுக்கத் தைரியம் வரவில்லை.

அந்த அம்மா இப்போது எப்படி இருக்கிறார்? வீட்டுக்கு விட்டுவிட்டார்களா? தயவுசெய்து உடனே சொல்லுங்கள்.

நோன்பில் நாள் மாலை மஃரிபோடு தொடங்குகிறது, அதனால் இரவை முன்னுக்கு வைத்தேன். இங்கே உள்ள புதுக் கோட் பெயரைப் பார்த்துத்தான் நேரத்தை எடுக்கும், அதனால் இங்கே ஒன்றும் ஆகவில்லை. உங்கள் பக்கம் இன்னும் வரிசை எண்ணைப் பார்க்கிறது என்பது என் மண்டையில் இருக்கவில்லை. சின்ன மாற்றம் என்று நினைத்து, பதிப்பின் நடு எண்ணைத்தான் கூட்டினேன். முதல் எண்ணைக் கூட்டியிருக்க வேண்டும். அப்படிச் செய்திருந்தால் பழையது உடையும் என்று அர்த்தம், உங்கள் கொம்பியூட்டர் தானாக எடுத்திருக்காது. என் பிழைதான்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. முன்பின் தெரியாத ஆட்களின் பெக்கேஜ் எத்தனையோ பாவிக்கிறோம். ஒவ்வொன்றையும் இந்தப் பதிப்பு மட்டும்தான் என்று பூட்டி வைத்திருக்கிறீர்கள், நான் போய்ப் பார்த்தேன். அதை எனக்குப் பழக்கினதே நீங்கள். வேளையை மட்டும் ஏன் திறந்து விட்டீர்கள்?

ருஷ்தி

*

மஹய்யாவ
2025 ஏப்ரல் 4

ருஷ்தி,

பெருநாள் போய்விட்டது. நீங்கள் வரவில்லை, லீவு கிடைக்கவில்லை என்று உம்மாவுக்கு மெசேஜ் போட்டிருந்தீர்கள். மாமி எனக்கு வாசித்துக் காட்டினார்கள். அவர்கள் சமைத்த புரியாணியில் பாதியை எனக்குக் கட்டித் தந்தார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதையே சாப்பிட்டேன்.

சுப்பம்மா நலம். போன வாரம் போய்ப் பார்த்தேன். லயத்துக்குப் பின்னால் கீரை பிடுங்கிக்கொண்டிருந்தார். மருமகள் தேத்தண்ணீர் தந்தாள். அந்த வீட்டில் இப்போது அவளோடு எல்லோரும் கதைக்கிறார்கள். முஹைதீன் ஹாஜியார் எங்கள் சொஃப்ட்வெயாரை விடவில்லை. “பிழை விட்டுட்டு ஓடாம வந்தீங்க பாருங்க மகள், அது போதும்” என்றார். ஆனால் ஒவ்வொரு லேபளையும் இப்போது தானே வாசித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறார். அது சரிதான்.

நீங்கள் கேட்டதை சுதர்சினியும் கேட்டாள். “எல்லாத்தையும் பூட்டி வச்சிருக்கீங்கக்கா. இது ஒண்ண மட்டும் ஏன்?” மறந்துவிட்டேன் என்று அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது.

காலையில் ஆபீஸைத் திறந்து கொம்பியூட்டரைப் போடுவேன். எதெது புதிதாக இறங்கியது என்று திரையில் வரிசையாக வரும். அதில் ஒரு வரி, ‘வேளை, ருஷ்தி, நேற்று மாலை.’ பக்கத்தில் நீங்கள் எழுதிய சின்னக் குறிப்பு இருக்கும். ‘எழுத்துப் பிழை திருத்தினேன்.’ ‘சிங்கள லேபளில் இடைவெளி சரி.’ ஒரு தரம், ‘தலைவலி, மிச்சம் நாளைக்கு.’ அதை வாசித்துவிட்டு நான் தேத்தண்ணீர் குடிப்பேன். அன்றைக்கு உங்களுக்குத் தலைவலி என்று எனக்குத் தெரிந்தது அப்படித்தான். போனில் நீங்கள் அதைச் சொல்லவில்லை.

பூட்டினால் அது வராது. அதனால் பூட்டவில்லை. என் தனிமைக்கு நான் செய்துகொண்ட வசதி, தெல்தோட்டையில் ஒரு மனுசியின் தொண்டைக்குள் போனது.

அன்று திருப்பிய பழைய பதிப்பிலேயே நேற்றுப் பூட்டிவிட்டேன். இனி உங்களிடமிருந்து எதுவும் தானாக வராது. நீங்கள் எழுதினால்தான் வரும்.

அதனால் எழுதுங்கள். ஒரே ஒரு விஷயம் கேட்கிறேன், வருவீர்களா, மாட்டீர்களா. எதுவென்றாலும் உங்கள் சொல்லில் வேண்டும். உம்மாவின் போனில் வாசிக்க வேண்டாம்.

றம்ஸியா

*

மஹய்யாவ
2025 ஏப்ரல் 27

ருஷ்தி,

இன்று காலை உங்களிடமிருந்து ஒன்று வந்திருக்கிறது என்று சுதர்சினி சொன்னாள். இரண்டிரண்டு படியாக ஏறினேன். கடிதம் என்று நினைத்தேன். திருத்தம்.

எங்கள் லேபள் துண்டை, அதுவும் நீங்கள் தொட வேண்டிய அவசியமே இல்லாத துண்டை, முழுவதுமாகத் திருத்தி அனுப்பியிருக்கிறீர்கள். இனி அது வரிசை எண்ணைப் பார்க்காது, காலை என்றால் காலை, இரவு என்றால் இரவு என்று பெயரைக் கேட்டு வாங்கும். பெயர் தெரியாவிட்டால் லேபளே அடிக்காமல் நின்றுவிடும். வரிசையை எவர் எப்படிப் புரட்டினாலும் சுப்பம்மாவுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்காது. மேலே நீங்கள் எழுதியிருந்த குறிப்பு: ‘பார்த்து, சரியென்றால் சேர்க்கவும்.’

நானும் சுதர்சினியும் நாள் முழுக்கச் சோதித்தோம். பழைய பிழையை வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தோம். நின்றது. நல்ல வேலை, ருஷ்தி. சேர்த்துவிட்டேன்.

நான் கேட்டது அதுவல்ல.

றம்ஸியா

*

தோஹா
2025 மே 10

றம்ஸி,

பல தரம் எழுதி அழித்தேன். எனக்கு ஒழுங்காக எழுத வருவது கோட் மட்டும்தான். அந்தத் திருத்தத்தைச் செய்யும்போது உங்களிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்றுதான் நினைத்தேன். நீங்கள் வாசித்தால் விளங்கும் என்று நினைத்தேன். விளங்கியிருக்கும். போதாது என்பதும் எனக்கு விளங்குகிறது.

லீவு கிடைக்கவில்லை என்றது பொய். நான் கேட்கவில்லை. ஜனவரியிலேயே இங்கே இன்னும் மூன்று வருடத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டேன். உங்கள் முதல் கடிதம் வரும்போது அந்த மை காயவில்லை. இங்கே என்னை ஒரு பெரிய ஆள் போல நடத்துகிறார்கள். கண்டியில் பார்மசிக்காரர்களிடம் பிரின்டர் வேலை செய்யவில்லை என்று ஏச்சு வாங்கின ஆள் நான். திரும்பி அங்கே வந்தால் பழைய ஆளாக ஆகிவிடுவேன் என்று பயம். இதில் உங்கள் குறை ஒன்றும் இல்லை.

வரமாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் மாலையில் வேலை முடிந்ததும் வேளையைத் திறந்து எதையாவது திருத்துவேன். சில நாள் திருத்த ஒன்றும் இருக்காது. ஒரு இடைவெளியைக் கூட்டி, மறுநாள் குறைத்திருக்கிறேன். காலையில் நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரியும். அதைப் பார்த்தால் நான் இன்னும் அங்கே இருக்கிறேன் என்று நினைப்பீர்கள் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

கடைகளை வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டு நீங்கள் இங்கே வரலாமே?

ருஷ்தி

*

மஹய்யாவ
2025 ஜூன் 29

ருஷ்திக்கு,

ஸலாம். உங்கள் கடிதம் வந்து நாளாகிவிட்டது. கோபத்தோடு பதில் எழுதக்கூடாது என்று வைத்திருந்தேன். கோபம் போய்விட்டது, வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் தெரியவில்லை.

உண்மையைச் சொன்னதற்கு நன்றி. ஜனவரியில் சொல்லியிருந்தால் ஜனவரியில் அழுதிருப்பேன், அவ்வளவுதான். நான் பீங்கான் பாத்திரம் இல்லை.

இங்கே வரலாமே என்று கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். முதல் வரியில் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று சில நாள் யோசித்தேன். வந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். கண்டியை விட்டு, கடைகளை விட்டு, எல்லாவற்றையும் விட்டு வந்திருப்பேன். இப்போது வரமுடியாது. நீங்கள் அழைத்தது, அழைக்கவில்லை என்று பின்னால் ஒருவரும் சொல்லக்கூடாது என்பதற்காக. அது உங்களுக்கும் தெரியும்.

வேளையை எங்களுக்கென்று தனியாகப் பிரித்து எடுத்துவிட்டேன். பழைய பதிப்பில் ஒரு பிரதி எடுத்து, வேறு பெயர் வைத்து, அதைச் சுதர்சினி பார்த்துக்கொள்கிறாள். பில், ஸ்டொக், லேபள் மூன்றையும் அதன் மேல் மாற்றி நிறுத்த இரண்டு வாரம் பிடித்தது. உங்கள் பக்கம் நீங்கள் எப்படி வேண்டுமென்றாலும் மாற்றுங்கள், எங்களைக் கேட்கத் தேவையில்லை. இங்கே எதுவும் அசையாது.

என் நானாவிடம் சொல்லிவிட்டேன். தங்கைக்காக அவர் உங்களைத் திட்டத் தொடங்கினார், நான் நிறுத்தினேன். அடுத்த மாதம் விவாகரத்துக்குக் காதியாரிடம் போகிறோம். கடிதம் உங்களுக்கும் வரும். மாமியிடம் நானே நேரில் போய்ச் சொன்னேன். என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், நிறைய நேரம் விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வா என்றார்கள். போவேன். அவர்களுக்கு நீங்கள் அடிக்கடி போன் எடுங்கள், மெசேஜ் போட வேண்டாம், எழுத்து தெரியவில்லை என்று கண்ணாடியைத் தேடி அலைகிறார்கள்.

நேற்றுக் கம்பளையில் ஒரு புதுப் பார்மசிக்கு எங்கள் சொஃப்ட்வெயாரைக் கேட்டிருந்தார்கள். தனியாகப் போய்ப் போட்டுக் கொடுத்தேன். பிரின்டர் முதல் தரமே வேலை செய்தது! கடைக்காரர் லேபளைக் கிழித்துக் கையில் வைத்துக்கொண்டு, தமிழில் ஒரு தரம், சிங்களத்தில் ஒரு தரம் வாசித்தார். அவருடைய மகள் ஓடி வந்து அதைத் தன் கொப்பியில் ஒட்டிக்கொண்டாள். வெளியே வந்தேன், பெரிய மழை. பேக்கரி வாசலில் ஒதுங்கி நின்றேன். மனது நிறைந்திருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சுதர்சினி வீட்டுக்குப் போயிருப்பாள், நானாவுக்கு இதெல்லாம் விளங்காது. போனை எடுத்து, பெயர்களை மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் போட்டேன். பஸ் வந்தது, ஏறினேன்.

இப்போது உங்களுக்கு எழுதிவிட்டேன், பாருங்கள். இந்தப் பழக்கம் போக இன்னும் கொஞ்ச நாள் பிடிக்கும். இதற்குப் பதில் போட வேண்டாம்.

றம்ஸியா